பம்பு வார்ப்புக்கு ஒரு கோவை ஃபவுண்டரி: நீண்டநாள் வாடிக்கையாளரின் மதிப்புரை

கோயம்புத்தூரில் ஒரு குதிரைத்திறன் முதல் ஐந்து குதிரைத்திறன் வரையிலான மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக அமைந்த) பம்புகளைச் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பம்பின் கேஸிங் (வெளிக்கூடு), இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழலி), அடாப்டர் (மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பாகம்), மோட்டார் பாடி, பேரிங் கவர் ஆகிய வார்ப்புகளில் பெரும்பகுதியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரும்பை உருக்கி வார்க்கும் ஒரே ஃபவுண்டரியிடம்தான் வாங்கி வருகிறோம். நாங்கள் முதலில் போனபோது அது கோவையின் கணபதிப் பகுதிக்குப் பக்கத்தில், ஒரு கியூபோலாவும் (கோக் எரித்து இரும்பு உருக்கும் உலை) தரையில் கைமோல்டிங்கும் (கையால் மணல் அச்சு செய்வது) மட்டுமே கொண்ட தகரக் கொட்டகை. இன்று அரசூர்ப் பக்கம் இண்டக்‌ஷன் உலை (மின்சாரத்தால் உருக்குவது), மணல் ஆலை, மோல்டிங் இயந்திரங்கள், பரிசோதனைக்கூடம் எல்லாம் கொண்ட நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார்; கையில் உள்ள ஆர்டருக்கே ஆள் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எனவே பெயரில்லாமலேயே எழுதுகிறேன். வார்ப்பு வாங்கப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு, எந்த ஃபவுண்டரிக்குள் நுழைந்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது பயன்படலாம்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டகையின் நீளமோ, வாசலில் மாட்டியிருக்கும் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழோ எனக்குப் பெரிதில்லை. எங்கள் லேத்தில் ஒரு டூல் முனை எத்தனை கேஸிங் வரை தாங்குகிறது, கடைந்து முடித்த கேஸிங் நீரழுத்தச் சோதனையில் கசிகிறதா, ஒரே பேட்டர்னில் (மணலில் அச்சு பதிக்கும் மாதிரியுரு) வந்த இம்பெல்லர்களின் எடை எவ்வளவு கூடிக் குறைகிறது, கழித்துப்போட்ட வார்ப்புக்கு மாற்று எவ்வளவு நாளில் வருகிறது என்பவற்றை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கோவையில் இத்தனை ஃபவுண்டரிகள் இருப்பதற்குக் காரணம் இந்த ஊரின் தறியும் கிணறும்தான். 1888இல் தொடங்கிய முதல் நூற்பாலைக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆலைகளின் உதிரிபாகத் தேவைக்காகப் பட்டறைகள் முளைத்தன. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும், ஆழக் கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைத்த விவசாயிக்கு மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. மோட்டாருக்கும் பம்புக்கும் எடையில் ஒரு பெரும் பங்கு வார்ப்பிரும்புதான் என்பதால், பம்பு வளர்ந்த இடத்தில் ஃபவுண்டரியும் வளர்ந்தது. ராஜ்கோட்டுக்கு டீசல் எஞ்சின் வார்ப்பு, கோலாப்பூருக்கு வாகன வார்ப்பு, ஹௌராவுக்குச் சாக்கடை மூடி என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. கோவையின் கை பம்பு வார்ப்பில் தேர்ந்த கை. நான் வாங்கும் ஃபவுண்டரியின் பழைய மோல்டர்கள் வரைபடத்தைப் பார்க்காமலே, பேட்டர்னைக் கையில் எடுத்ததும் ரன்னர் (மெட்டல் ஓடும் வாய்க்கால்) எங்கே, ரைசர் (சுருக்கத்தை ஈடுகட்டும் மெட்டல் தேக்கம்) எங்கே என்று சொல்லிவிடுவார்கள்.

கியூபோலாக் காலத்து வார்ப்பைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவனல்லன். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்தான் உருக்குவார்கள். மற்ற நாள்களில் மணல் அச்சுள்ள மோல்டிங் பாக்ஸ்கள் தரையெங்கும் வரிசையாக நிறைந்துகொண்டே போகும். உருக்கும் நாளில் விடியற்காலையிலேயே கோக் படுக்கைக்குத் தீ வைத்து, பிக் அயர்ன் (ஊதுலையிலிருந்து வரும் கட்டி இரும்பு), உடைந்த வார்ப்புத் துண்டு, இரும்பு ஸ்கிராப், சுண்ணாம்புக்கல், கோக் ஆகியவற்றை அடுக்கடுக்காக மேலிருந்து கொட்டுவார்கள். டேப்பிங் துளையை அடைத்திருக்கும் களிமண் கட்டியைக் கம்பியால் குத்தி உடைத்ததும், ஆரஞ்சு வெள்ளையாக உருகிய மெட்டல் லேடில் என்னும் ஊற்றுச் சட்டியில் இறங்கும். இருவர் தோளுக்கு இடையில் தொங்கும் அந்த லேடிலோடு ஓட்டமும் நடையுமாகப் போய் பாக்ஸ் பாக்ஸாக ஊற்றுவார்கள். பார்ப்பதற்கு அது அருமையான காட்சிதான். ஆனால் அந்த வார்ப்பை லேத்தில் போட்டுக் கடைய வேண்டிய எங்களுக்கு அது வேறு கதையாக இருந்தது.

காரணம், கியூபோலாவில் காலையில் இறங்கும் முதல் லேடிலும் மாலையில் இறங்கும் கடைசி லேடிலும் ஒரே இரும்பாக இருப்பதில்லை. கோக்கின் ஈரம், சாம்பல், கந்தகம், காற்றின் வேகம், ஸ்கிராப்பில் என்ன கலந்திருந்தது என்ற ஒவ்வொன்றும் மெட்டலின் கார்பனையும் சிலிக்கானையும் மாற்றிக்கொண்டே இருக்கும். மேஸ்திரி ஆப்புப்போல ஒரு சிறு துண்டை வார்த்து, தண்ணீரில் ஆற்றி, சுத்தியலால் உடைத்து, உடைந்த முகத்தில் நுனியில் எவ்வளவு தூரம் வெள்ளையாக இருக்கிறது என்று பார்ப்பார். வெள்ளை நீண்டிருந்தால் மெல்லிய பகுதிகளில் இரும்பு கெட்டியாகிவிடும் என்று பொருள். அந்த முறையில் தவறொன்றும் இல்லை. இன்றும் அது நல்ல சோதனைதான். ஆனால் சோதனை முடிவு தெரிவதற்குள் அதே மெட்டலில் பத்துப் பதினைந்து பாக்ஸ் ஊற்றி முடிந்திருக்கும். அந்தப் பதினைந்தும் எங்களிடம்தான் வரும். கேஸிங்கின் ஃபிளாஞ்ச் (போல்ட் மாட்டும் விளிம்பு) ஓரத்தில் டூல் தொட்டதும் கிறீச்சென்று கத்தி, கார்பைடு முனை சில்லாகத் தெறிக்கும்போது, அது மாலை லேடில் என்று எங்கள் டர்னர் முகத்தைச் சுளித்துச் சொல்லிவிடுவார்.

இண்டக்‌ஷன் உலைக்கு அவர்கள் மாறியதே இந்த ஃபவுண்டரியின் வளர்ச்சியில் எல்லோரும் பேசும் திருப்பம். உள்ளே போகும் விருந்தினரை முதலில் அங்கேதான் அழைத்துச் செல்கிறார்கள். அரை டன் கொள்ளளவுள்ள இரண்டு பானைகள், ஒரே மின்பகுதி. ஒன்று உருகும்போது மற்றொன்றுக்கு உட்சுவர் லைனிங் போட்டுக்கொள்ளலாம். கோக் இல்லை, கரும்புகை இல்லை. மெட்டலின் வெப்பநிலை 1,450 முதல் 1,500 டிகிரி செல்சியஸ் வரை வேண்டிய அளவுக்கு ஏற்றலாம் என்பதால், மெல்லிய சுவருள்ள இம்பெல்லரில் மெட்டல் பாதி வழியில் உறைந்து ஓரம் மழுங்கிப்போகும் குறை ஏறக்குறைய நின்றே போனது. ஒரு டன் உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் ஆகும். அந்தச் செலவைத் தாங்க, விலை மலிவான எஃகுத் தகடு ஸ்கிராப்பைக் கூடுதலாகப் போட்டு, குறையும் கார்பனைத் தனியாகச் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள்.

உலை மாறிய கையோடு வார்ப்பும் நன்றாகிவிட்டது என்று அவர்களது விளம்பரத் தாளில் இருக்கிறது. எங்கள் அனுபவம் அப்படி அன்று. மாறிய முதல் சில மாதங்களில் எங்களுக்கு வந்த மோட்டார் பாடிகளின் வெளிப்புறத்து மெல்லிய விலா (ரிப்) ஓரங்கள் கியூபோலாக் காலத்தைவிடக் கெட்டியாக இருந்தன. இதற்கு உலோகவியல் காரணம் இருக்கிறது. கோக்கோடு சேர்ந்து உருகும் இரும்பில் கந்தகம் கூடுதலாக இருக்கும்; அது ஓர் அளவுக்குள் மாங்கனீசோடு சமன்பட்டு இருந்தால் கிராஃபைட் (இரும்புக்குள் பிரிந்து நிற்கும் கார்பன்) உருவாகத் துணை செய்யும். எஃகு ஸ்கிராப்பை மின்சாரத்தில் உருக்கும்போது அந்தக் கந்தகம் இல்லாமல் போகிறது. அதிக வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்தால், கிராஃபைட் முளைப்பதற்கான கருக்களும் அழிந்துபோகின்றன. இதனால் மெல்லிய இடங்களில் வெள்ளை இரும்பு உருவாகிவிடுகிறது. ஊற்றுவதற்குச் சற்று முன் லேடிலில் ஃபெரோசிலிக்கான் தூளைச் சிறிதளவு சேர்ப்பதும், கந்தகத்தை அளவு பார்த்துக் கூட்டுவதும், உருகிய மெட்டலை வீணாகக் காக்க வைக்காமல் ஊற்றுவதும்தான் மருந்து. அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்குக் காலம் பிடித்தது. அந்தக் காலம் முழுவதும் எங்கள் டூல் செலவு கூடியது என்பதையும், அதற்கு யாரும் ஈடு தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மின்சாரமும் அவர்களைப் படுத்தியது. 2008க்குப் பிறகு சில ஆண்டுகள், அதிலும் 2012இல், தமிழ்நாட்டில் மின்வெட்டு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைத் தொழில் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பானையில் அரை டன் மெட்டல் உருகி நிற்கும்போது மின்சாரம் போனால் அது லைனிங்கோடு சேர்ந்து உறைந்துவிடும். அதைவிட ஆபத்து, உலையின் செம்புச் சுருளுக்குள் ஓடும் குளிர்நீர் நின்றுபோவது. ஆகவே ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீரையாவது ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் கியூபோலாவை இடிக்காமல் ஓரமாக நிறுத்தி வைத்து, தேவைப்பட்டபோது மறுபடியும் பற்றவைத்து எங்கள் ஆர்டரைக் கொடுத்து முடித்தார்கள். பல சிறு ஃபவுண்டரிகள் மூடிக்கொண்ட காலம் அது. வாடிக்கையாளரைக் கைவிடாத இந்தக் குணத்துக்காகவே பிற்காலத்துச் சில குறைகளை நான் பொறுத்துக்கொண்டேன்.

என் கருத்தில் இந்த ஃபவுண்டரி உண்மையாக வளர்ந்தது உலையில் அன்று, மணலில். விருந்தினர் யாரும் திரும்பிப் பார்க்காத மணல் ஆலைதான் எங்கள் லேத்தில் மிகப்பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பச்சை (சுடாத, ஈரமான) மணல் என்று சொல்லப்படும் மோல்டிங் மணலில் சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர் ஆகியவை இருக்கும். தண்ணீர் மூன்று முதல் நான்கு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு சதவீதம் கூடினால் கொதிக்கும் இரும்பு பட்டதும் நீராவி கிளம்பி, வார்ப்புக்குள்ளே குமிழாக நின்றுவிடும். குறைந்தால் மணல் உதிர்ந்து மெட்டலோடு கலந்துவிடும். பழைய கொட்டகையில் மண்வெட்டியால் மணலைப் புரட்டி, வாளியில் தண்ணீர் தெளித்து, ஒரு பிடி எடுத்து இறுக்கி, இரண்டாக உடைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். ஐப்பசி அடைமழையில் எங்களுக்கு வந்த கேஸிங்குகளில் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட ப்ளோ ஹோல் (குமிழ்த் துளை) இருந்தது உண்டு. கேட்டால், “மணலு ஈரம் ஏறிப்போச்சுங்க, நாங்க என்னங்க பண்றது” என்று மேஸ்திரி வானத்தைக் காட்டுவார்.

இன்று மிக்ஸரிலிருந்து மணல் இறங்கும் இடத்திலேயே ஒரு மேசை இருக்கிறது. அதில் ஈரப்பதம், அழுத்தத்தைத் தாங்கும் வலிமை, காற்று புகும் தன்மை, இறுகும் தன்மை ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் அளந்து பலகையில் எழுதுகிறார்கள். எரிந்து பயனற்றுப்போகாமல் உயிரோடு இருக்கும் களிமண் எவ்வளவு என்று மெத்திலீன் நீலக் கரைசலால் பார்க்கும் சோதனையும் உண்டு. இந்த வேலையைச் செய்பவர் பாலிடெக்னிக் முடித்த ஓர் இளம்பெண். பலகையில் எழுதிய எண் வரம்பைத் தாண்டினால் மோல்டிங் வரிசையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒருமுறை நிறுத்தினார்; மேஸ்திரி முணுமுணுத்தாலும் மணல் திரும்ப மிக்ஸருக்குப் போனது. ஒரு ஃபவுண்டரியின் வளர்ச்சிக்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

மணல் சீரானதன் பலன் ப்ளோ ஹோல் குறைந்ததோடு நிற்கவில்லை. வார்ப்பு விலை கிலோக் கணக்கு. கையால் இடித்த மணல் தளர்வாக இருந்தால், மெட்டலின் எடையில் மோல்டின் சுவர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு வார்ப்பு ஊதிவிடும். அப்படி ஊதிய கேஸிங் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தராசில் வைத்தால்தான் தெரியும். கூடுதல் இரும்புக்கும் கிலோ விலை கொடுத்து வாங்கி, அதைக் கடைந்து தள்ள ஆள்கூலியும் மின்சாரமும் டூலும் செலவழித்து, கடைசியில் அந்தத் தூளை ஸ்கிராப் விலைக்கு விற்போம். அதாவது ஒரே குறைக்கு மூன்று முறை பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அழுத்த மோல்டிங் இயந்திரங்கள் வந்து, மோல்டின் இறுக்கம் பாக்ஸுக்குப் பாக்ஸ் ஒரே மாதிரி ஆன பிறகு, எடை வித்தியாசம் சொல்லத்தக்க அளவுக்குக் குறைந்துவிட்டது. கிலோ விலையில் அவர்கள் பக்கத்துக் கொட்டகையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும், ஒரு கேஸிங்குக்கு என்று கணக்குப் போட்டால் எங்களுக்கு இவர்களே மலிவு. வார்ப்பு வாங்குகிறவர்கள் கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வார்ப்புக்குள் வெற்றிடம் உண்டாக மோல்டில் வைக்கும் மணல் உருவான கோர் விஷயத்தில் வளர்ச்சி அரைகுறைதான். பம்பின் கேஸிங்குக்குள் நீர் சுழலும் பாதையும் இம்பெல்லரின் இலைகளுக்கு இடைப்பட்ட வழிகளும் கோரால்தான் உருவாகின்றன. இம்பெல்லருக்கு, பிசின் பூசிய மணலைச் சூடாக்கிச் செய்யும் ஷெல் கோர் கொடுக்கத் தொடங்கியபின் உள்வழி வழவழப்பாக வருகிறது. இலைகளின் தடிமன் சீராக இருப்பதால் பேலன்ஸ் பார்க்கும்போது துளையிட்டு எடை குறைக்கும் வேலை குறைந்துவிட்டது. பம்பின் செயல்திறனிலும் இது தெரிகிறது, ஏனென்றால் சொரசொரப்பான வழியில் நீர் தன் வேகத்தைத் தேய்த்து இழக்கிறது. ஆனால் பெரிய கேஸிங்குகளுக்கு இன்னமும் சோடியம் சிலிகேட் மணலில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இறுக்கும் பழைய கோரையே பயன்படுத்துகிறார்கள். அது ஊற்றியபின் எளிதில் உடைந்து வராது. ஃபெட்லிங் (வார்ப்பைச் சுத்தம் செய்யும் வேலை) செய்கிறவர் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தாலும், வால்யூட்டின் (கேஸிங்கின் சுருள்பாதையின்) நாக்கு இருக்கும் குறுகலான மூலையில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பம்பு ஓடத் தொடங்கியதும் அது கழன்று, நீர் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைக் கீறிவிடும். கேஸிங் வந்து இறங்கியதும் அந்த மூலையை விரலால் தடவிப் பார்ப்பதை நாங்கள் இன்னும் விடவில்லை.

கழிவு பற்றிய அவர்களது நடைமுறையைத்தான் நான் கடுமையாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. தெளிவாகக் கண்ணில் படும் குறைக்கு மாற்று வார்ப்பு தாமதமின்றி வருகிறது. அதில் குறை சொல்ல முடியாது. கடைந்தபின் வெளிப்படும் குறைக்கு வார்ப்பின் விலையை மட்டும் கழித்துக்கொள்கிறார்கள், கடைசல் கூலியைத் தருவதில்லை. இது கோவை வட்டாரத்தின் பொது வழக்கம்தான் என்றாலும், பெரிய நிறுவனங்களுக்கு அந்தக் கூலியையும் சேர்த்து டெபிட் நோட் (பற்றுக் குறிப்பு) ஒப்புக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வளர்ந்த பிறகு சிறு வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம், பெரியவருக்கு ஒரு நியாயம் என்றாகிவிட்டது. ஒருமுறை வந்த கேஸிங்குகளில் சிலவற்றில் ஃபிளாஞ்சுக்குக் கீழே இருந்த குழிகளை மெட்டல் பேஸ்ட்டால் அடைத்து, மேலே பிரைமர் பூசி அனுப்பியிருந்தார்கள். நீரழுத்தச் சோதனையில் அந்த இடத்தில் முத்து முத்தாக நீர் வேர்த்தபோதுதான் தெரிந்தது. உரிமையாளரிடம் நேராகக் காட்டினேன். ஃபெட்லிங் வேலை ஒப்பந்தக்காரர் கையில் இருந்தது, அவர் ஆள்கள் செய்தது என்றார். அந்த ஒப்பந்தக்காரர் அதன்பின் மாற்றப்பட்டார், அப்படிப்பட்ட பூச்சு மறுபடியும் வரவில்லை. ஆயினும் பிரைமர் பூசாத வார்ப்பைத்தான் அனுப்ப வேண்டும் என்று எங்கள் ஆர்டரில் அன்றுமுதல் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். யாரிடம் வாங்கினாலும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்வேன்.

பரிசோதனைக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது, ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒருமுறை உருக்கிய மெட்டலுக்கும்) வேதியியல் அறிக்கை வருகிறது. நாங்கள் கேட்பது வார்ப்பிரும்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 210இன்படி எஃப்.ஜி. 200 தரம், அதாவது தனியாக வார்த்த சோதனைக் கம்பி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். கடினம் 160 முதல் 220 பிரினெல் வரை இருக்கலாம். இவர்களுடைய வார்ப்பு பெரும்பாலும் அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறது. வார்ப்பின் மேல் ஹீட் எண் எழும்பி நிற்கும்படி போடுவதால், லேத்தில் ஒன்று கெட்டியாக இருந்தால் அதே ஹீட்டில் வந்த மற்றவற்றைத் தேடி ஒதுக்கிவிட முடிகிறது. கியூபோலா நாளில் இதை நினைத்தும் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளாக எஸ்.ஜி. அயர்னும் (உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்பு) வார்க்கிறார்கள். சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் இதழ் இதழாக நிற்கும். அந்த இதழ் நுனியிலிருந்துதான் விரிசல் புறப்படும். மக்னீசியம் சேர்த்தால் அது உருண்டையாகிவிடும் என்று 1943இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் கண்டறிந்ததிலிருந்து வார்ப்பிரும்பின் பெயரே மாறிவிட்டது. அடித்தால் உடையும் இரும்பு வளைந்து கொடுக்கும் இரும்பானது. ஆனால் சேர்த்த மக்னீசியம் லேடிலில் நிமிடத்துக்கு நிமிடம் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்காவிட்டால் உருண்டை மறுபடியும் இதழாகத் திரிந்துவிடும். இவர்களது மோல்டிங் வரிசை உலையிலிருந்து சற்றுத் தொலைவில் இருப்பதால், கடைசிப் பாக்ஸ்களில் எனக்குச் சந்தேகம் உண்டு. நாங்கள் வாங்கிய சிறு தொகுதியில் குறை எதுவும் வரவில்லை. எனினும் அழுத்தம் அதிகம் தாங்க வேண்டிய பாகங்களுக்கு, ஹீட்டின் கடைசிப் பாக்ஸிலிருந்து ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கிப் படம் கேட்டு வாங்குங்கள். முதல் பாக்ஸின் படத்தைக் காட்டினால் ஏற்க வேண்டாம்.

விலைக்கு வருகிறேன். பிக் அயர்ன், ஸ்கிராப் விலை ஏறும்போது உடனே கடிதம் வந்துவிடும், இறங்கும்போது நாம் நினைவூட்ட வேண்டும். 2021இல் மூலப்பொருள் விலை ஏறிய வேகத்தில் ஒரு மாதம் கேட்ட விலை அடுத்த மாதம் நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபின், உச்சநேரக் கட்டணத்தைத் தவிர்க்க இரவில் உருக்குவதை அதிகமாக்கினார்கள். அதனால் கிலோ விலையில் ஏற்றம் ஓரளவு மட்டுப்பட்டது. வார்ப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பணம் கட்டும் தவணை முன்பு வாய்ச்சொல்லாக இருந்தது, இப்போது கணினியில் நாள் தாண்டினால் அடுத்த லோடு நின்றுவிடுகிறது. குறு நிறுவனங்களுக்கு இது சிரமம்தான். ஆனால் அவர்களும் ஸ்கிராப்புக்கு ரொக்கம் கட்டித்தான் வாங்குகிறார்கள் என்பதால் இதைக் குற்றமாகச் சொல்லத் தோன்றவில்லை.

டெலிவரி நன்றாக இருக்கிறது, இரண்டு காலங்களைத் தவிர. மோல்டிங்கிலும் ஃபெட்லிங்கிலும் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர். தீபாவளிக்குப் பின் வரும் சத் பூஜைக்கு ஊர் போனால் திரும்பச் சில வாரங்கள் ஆகும். அவர்கள் மாநிலத்தில் தேர்தல் வந்தாலும் அப்படியே. அந்த வாரங்களுக்குத் தேவையானதை ஆயுத பூஜைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இவர்களில் சிலர் கோர் செய்யும் பிரிவில் இன்று மேற்பார்வையாளர் நிலைக்கு உயர்ந்திருக்கிறார்கள், தமிழில் சரளமாகக் கணக்குச் சொல்கிறார்கள். கணபதிக் கொட்டகையில் வெறுங்காலோடு மெட்டல் ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது காலணி, முழங்கால் வரை தோல் கவசம், கண்ணாடி எல்லாம் இல்லாமல் உலைப்பக்கம் விடுவதில்லை. ஃபெட்லிங் கூடத்தில் தூசு உறிஞ்சும் அமைப்பு இருந்தாலும், கிரைண்டர்கள் ஒருசேர ஓடும்போது அது போதவில்லை. அங்கே நிற்பவர்களின் முகத்துணி மாலைக்குள் கறுத்துவிடுகிறது. மணல் மேசைக்குச் செலவழித்த அக்கறையில் பாதியையாவது இங்கே செலவழித்திருக்கலாம்.

வளர்ச்சியால் எங்களைப் போன்றவர்கள் இழந்தது ஒன்று உண்டு. முன்பெல்லாம் மரத்தில் ஒரு பேட்டர்னைச் செதுக்கிக்கொண்டு போய், நான்கு உருப்படி வார்த்துக் கொடுங்கள் என்று கேட்டால், மற்ற பாக்ஸ்களுக்கு நடுவில் சேர்த்து ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். புதுமாதிரிப் பம்பு ஒன்றைச் செய்து பார்க்க அது போதும். இன்று இயந்திரத்தில் பொருந்தும் அலுமினிய மேட்ச் பிளேட் (பேட்டர்ன் பதித்த தகடு) வேண்டும், குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும், பேட்டர்னின் சுருக்க அளவு, ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று அவர்கள் வரைபடப் பிரிவு பார்த்து ஒப்ப வேண்டும். ஒரு புது மாதிரிக்குப் பேட்டர்ன் செலவே பெரும் முதலீடாகிவிட்டது. நான்கு உருப்படி வார்க்க நாங்கள் இப்போது சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் இன்னும் கைமோல்டிங் செய்யும் சிறு கொட்டகைக்குத்தான் போகிறோம். அங்கே மணல் பழைய மணல்தான், மேஸ்திரியின் கைப்பிடிதான் சோதனை. அந்த வேலைக்கு அது போதும்.

மாதந்தோறும் ஒரே மாதிரி வார்ப்பை நூற்றுக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு இந்த ஃபவுண்டரியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். மாதிரி செய்து பார்க்கிறவர்களுக்கும், ஆலை உதிரிபாகம் ஒன்றிரண்டு வேண்டுகிறவர்களுக்கும் இது ஏற்ற இடம் இல்லை. முதல் ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு வேலைகளைச் செய்துகொள்ளுங்கள். மாதிரியாக வந்த முதல் கேஸிங்குகளில் ஒன்றை, பணம் போனாலும் போகட்டும் என்று, ஃபிளாஞ்சும் சுவரும் சேரும் தடித்த இடத்தில் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சுருக்கத்தால் உண்டாகும் பஞ்சுபோன்ற துளைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும், எந்த அறிக்கையிலும் அது வராது. அடுத்து, பேட்டர்னும் கோர் பாக்ஸும் உங்கள் சொத்து, கேட்டபோது திருப்பித் தரப்படும் என்று அவர்கள் லெட்டர்பேடில் எழுதி வாங்கி, பேட்டர்னின் பின்பக்கத்தில் உங்கள் நிறுவனப் பெயரைப் பொறித்துவிட்டு ஒப்படையுங்கள்.